செதிலைக் கொண்டு சிக்லிட் மீன்களின் பரிணாம உறவுகளை ஆராய்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

சந்தையில் வாங்கிய ஜிலேபி கெண்டையின் விலாவில், வாலிலிருந்து தலையை நோக்கி விரலை மெல்ல ஓட்டிப் பாருங்கள். வழுவழுவென்று போகும். வண்ணமீன் தொட்டியில் வளர்த்து இறந்துபோன மலாவி ஏரிப் பாறை மீன் ஒன்றின் மீது அதே விரலை அதே திசையில் ஓட்டினால், நுண்ணிய அரத்தைத் தொட்டதுபோல உராயும். இரண்டும் சிக்லிட் குடும்பத்தைச் சேர்ந்தவை. இரண்டும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவை. முதலாவது மீனின் செதில் விளிம்பில் பற்கள் இல்லை, இரண்டாவதில் உண்டு. இந்த வேறுபாட்டிலிருந்து இரண்டின் உறவைப் பற்றி என்ன சொல்லலாம், என்ன சொல்லக் கூடாது என்பதுதான் இந்த வழிகாட்டியின் பொருள். உயிரியல் முதுநிலை மாணவர்களையும், மீன்களை ஆழ்ந்து கவனிக்கும் ஆர்வலர்களையும் மனத்தில் வைத்து எழுதுகிறேன். எடுத்துக்காட்டுகளைப் பெரும்பாலும் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்கனிக்கா ஏரியிலிருந்தே எடுக்கிறேன். செதிலைப் படிக்க அதைவிடச் செழிப்பான இடம் எனக்குத் தெரியவில்லை.

செதிலை ஏன் பார்க்க வேண்டும்?

1830களில் சுவிட்சர்லாந்து அறிஞர் லூயி அகாசிஸ், தொல்லுயிர் மீன்களை ஆராய்ந்தபோது மீன் உலகம் முழுவதையும் செதிலை வைத்தே நான்காகப் பிரித்தார். அவற்றுள் இரண்டு, விளிம்பு வழுவழுப்பான வட்டச் செதில் மீன்களும், விளிம்பில் பல் வரிசை கொண்ட சீப்புச் செதில் மீன்களும். அந்தப் பிரிவு நிலைக்கவில்லை. ஒரே குடும்பத்துக்குள் இரண்டு வகையும் இருந்தன. ஒரே மீனின் உடலிலும் இரண்டும் இருந்தன. நாக்குமீன்கள் சிலவற்றில் கண் உள்ள பக்கத்தில் சீப்புச் செதிலும் மறுபக்கத்தில் வட்டச் செதிலும் இருக்கின்றன. ஆனால் அகாசிஸ் கவனித்தது பொய்யல்ல. ஒற்றைப் பண்பின் மீது அளவுக்கு மீறிய பாரத்தை ஏற்றியதுதான் பிழை.

சிக்லிட்களில் செதிலுக்கு மறுபடி மதிப்பு வந்ததற்குத் தனிக் காரணம் உண்டு. இக்குடும்பத்தில் 1,700க்கு மேற்பட்ட இனங்கள் விவரிக்கப்பட்டிருக்கின்றன. டாங்கனிக்கா ஏரியில் மட்டும் சுமார் 240 இனங்கள். இவற்றின் தாடையும் பல்லும் உணவுக்கேற்ப மிக விரைவாக மாறுகின்றன. பாசி சுரண்டும் வாய் வெவ்வேறு ஏரிகளில், வெவ்வேறு கிளைகளில், தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது. ஆகவே வாயைப் பார்த்து உறவு சொன்னால் ஏமாறுவோம். உணவோடு அவ்வளவு இறுக்கமாகப் பிணையாத பண்புகளைத் தேடிய எலிசபெத் லிப்பிட்ஷ், 1990களில் விக்டோரியா, கிவு, டாங்கனிக்கா ஏரிகளின் சிக்லிட்களைச் செதில் பண்புகளைக் கொண்டே வரிசையாக ஆராய்ந்தார். ஒரு செதிலின் உருவத்தையும், உடலின் எந்தப் பகுதியில் எத்தகைய செதில் எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்பதையும் பிரித்துப் பார்த்து, இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்தினார். இன்று செதிலைப் படிக்கும் எவரும் அந்தப் பாதையில்தான் நடக்கிறோம்.

இன்னொரு காரணம் புதைபடிவங்கள். பல கோடி ஆண்டுப் பழமையான கல்லில் மரபணு கிடைக்காது; செதில் கிடைக்கும்.

ஒரு செதிலில் என்னென்ன இருக்கின்றன?

செதிலின் முன்பாதி தோலின் பைக்குள் புதைந்திருக்கும். பின்பகுதி மட்டும் வெளியே தெரியும். நடுவில், அல்லது சற்றுப் பின்தள்ளி, செதில் முதலில் உருவான இடமான மையம். மையத்தைச் சுற்றி மரத்தின் ஆண்டு வளையம் போல நெருக்கமான வளைய மேடுகள். முன்பாதியில் மையத்திலிருந்து விளிம்பு நோக்கி விசிறிபோல ஓடும் பள்ளங்களை ஆரக்கோடுகள் என்போம். வளைய மேடுகளின் முகட்டில், மின்னணு நுண்ணோக்கியில் மட்டும் நன்றாகத் தெரியும் நுண்பற்கள் வரிசையாக இருக்கும். பின்விளிம்பில், இருந்தால், சீப்புப் பற்கள்.

சீப்புப் பல்லைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். பெயர் ஒன்றாக இருந்தாலும் எல்லா மீனிலும் அது ஒரே பொருள் அல்ல. 1993இல் மீனியல் அறிஞர் கிளைவ் ராபர்ட்ஸ் இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டினார். சிலவற்றில் விளிம்பு வெறுமனே வெட்டுப்பட்டிருக்கும். சிலவற்றில் செதிலின் உடலோடு ஒட்டிய முள் நீட்டிக்கொண்டிருக்கும். சிலவற்றில் தனித்தனியாக உருவான பற்கள் பதிந்திருக்கும். சிக்லிட்களின் சீப்புச் செதில் கடைசி வகை. அதிலும் வளர வளரப் புதிய பல் விளிம்பில் முளைக்க, பழைய பல் நுனி இழந்து கட்டையாகிப் பின்னால் தங்கிவிடும். எனவே பின்பகுதியில் அடுக்கடுக்காகத் தெரியும் கட்டைகளைப் பற்களோடு சேர்த்து எண்ணிவிடக் கூடாது. விளிம்பில் கூர்மையாக நிற்கும் கடைசி ஒன்றிரண்டு வரிசைகளே உயிர்ப்பான பற்கள்.

முதல் படி: கேள்வியைக் குறுக்குங்கள், மீன்களைத் தேர்ந்தெடுங்கள்

"சிக்லிட்களின் உறவு" என்று தொடங்கினால் முடிக்க முடியாது. டாங்கனிக்காவின் சிக்லிட்கள் லாம்ப்ரொலோகினி, எக்டொடினி, ட்ரோஃபீனி, பெரிசோடினி என்று பல குலங்களாக, அதாவது நெருங்கிய பேரினங்களின் தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. இரண்டு மூன்று குலங்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் வாழிடமும் உணவும் வேறுபட்ட நான்கைந்து இனங்களைத் தேர்ந்தெடுப்பது நல்ல தொடக்கம். ஒரே குலத்தில் மணல் மீனும் பாறை மீனும் இருந்தால்தான், பிறகு ஒற்றுமை உறவால் வந்ததா வாழிடத்தால் வந்ததா என்று கேட்க முடியும். இனத்துக்கு ஐந்து மீன்களாவது, முழு வளர்ச்சி அடைந்தவை, ஆண் பெண் இரண்டும் இருக்கட்டும். குஞ்சு மீன்களைக் கலக்காதீர்கள். சீப்புப் பற்களின் எண்ணிக்கை உடல் வளர வளரக் கூடும்.

ஒப்பிட ஒரு புறக்குழு, அதாவது ஆராயும் கூட்டத்துக்கு வெளியே நிற்கும் உறவினர், வேண்டும். ஆப்பிரிக்கச் சிக்லிட்களுக்கு நம் கரையோர உப்பங்கழிகளில் வாழும் கரிமீனே நல்ல புறக்குழு. அது எட்ரொப்ளினே என்னும் துணைக்குடும்பத்தைச் சேர்ந்தது. இந்தியாவிலும் இலங்கையிலும் மடகாஸ்கரிலும் மட்டும் வாழும் இந்தக் கிளை, குடும்ப மரத்தின் அடியிலேயே பிரிந்துவிட்டது. கேரளத்தில் பொரித்துத் தின்னும் கரிமீனுக்கு ஜிலேபி கெண்டையைவிட மடகாஸ்கரின் பரெட்ரொப்ளஸ் மீன்கள் நெருங்கிய சொந்தம். குடும்பம் முழுவதற்குமான புறக்குழுவைத் தேடும்போது மட்டும் ஒரு சிக்கல் எழுகிறது. மரபணு ஆய்வுகள் பல சிக்லிட்களுக்கு அடுத்த உறவாகக் காட்டும் ஃபோலிடிக்திஸ் மீனுக்குச் செதிலே கிடையாது. அப்போது இன்னும் சற்று விலகிய உறவினர்களையும் சேர்க்க வேண்டியிருக்கும்.

மீனைப் பிடிப்பதற்கு முன் அனுமதி. டாங்கனிக்காவைத் தான்சானியா, காங்கோ ஜனநாயகக் குடியரசு, புருண்டி, ஜாம்பியா ஆகிய நான்கு நாடுகள் பகிர்ந்துகொள்கின்றன. எந்தக் கரையில் வலை வீசினாலும் அந்நாட்டின் ஒப்புதல் வேண்டும். இந்திய மீன்களின் மாதிரிகளை வெளிநாட்டுக்கு அனுப்புவதற்கு 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டத்தையும், சென்னையில் இயங்கும் தேசிய உயிர்ப்பன்மை ஆணையத்தின் விதிகளையும் படித்துவிடுங்கள். களத்துக்குப் போக இயலாதவர்கள் அருங்காட்சியகச் சேகரிப்புகளை நாடலாம். பெல்ஜியத்தின் டெர்வூரன் நகரிலுள்ள மத்திய ஆப்பிரிக்க அருங்காட்சியகத்திலும் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்திலும் ஆப்பிரிக்கச் சிக்லிட்கள் பெரும் எண்ணிக்கையில் இருக்கின்றன.

இரண்டாம் படி: பதப்படுத்தல்

பார்மலினில் இடுவதற்கு முன்பே, வலப்பக்கத் துடுப்பில் ஒரு துணுக்கு வெட்டி 95 சதவீத எத்தனாலில் தனியாக வையுங்கள். பின்னால் மரபணு தேவைப்படும்போது பார்மலினில் ஊறிய மீன் கைகொடுக்காது. மீனை 10 சதவீதப் பார்மலினில் நிலைப்படுத்தி, நீரில் நன்கு ஊறவைத்துக் கழுவி, 70 சதவீத எத்தனாலுக்கு மாற்றுவது வழக்கம். பார்மலின் நாளடைவில் அமிலமாகும். அமிலம் செதிலின் சுண்ணாம்பைக் கரைத்துவிடும். சிறிது போராக்ஸ் சேர்த்தால் இந்தச் சேதம் குறையும். பழைய புட்டிகளில் நுண்பற்கள் மழுங்கிய செதில்களைப் பார்த்தால், அது இனத்தின் பண்பு என்று எழுதிவிடாமல் முதலில் புட்டியின் வரலாற்றை விசாரியுங்கள்.

மூன்றாம் படி: பிடுங்கும் முன் எண்ணுங்கள்

செதில்களின் அமைவு, அவை உடலில் இருக்கும்போது மட்டுமே தெரியும். ஆகவே இடுக்கியைத் தொடுவதற்கு முன் மீனைத் துணியால் ஒற்றி, பக்கவாட்டில் ஒளி பாய்ச்சி, உருப்பெருக்கியின் கீழ் எல்லாவற்றையும் எழுதி முடியுங்கள்.

நீரின் அசைவை உணரும் துளைச் செதில்களின் வரிசையான பக்கக்கோட்டிலிருந்து தொடங்கலாம். சிக்லிட்களில் அது பொதுவாக இரண்டு துண்டாக இருக்கும். முன்துண்டு (மேல்கோடு) முதுகை ஒட்டி மேலே ஓடி முடியும். பின்துண்டு கீழே வால் காம்பின் நடுவில் ஓடும். இரண்டிலும் துளையுள்ள செதில்கள் எத்தனை, எத்தனை செதில் தூரத்துக்கு இரண்டு துண்டுகளும் மேலும் கீழுமாகச் சேர்ந்து ஓடுகின்றன என்று குறியுங்கள். முதுகுத் துடுப்பின் தொடக்கத்துக்கும் மேல்கோட்டுக்கும் இடையே எத்தனை வரிசை, வால் காம்பைச் சுற்றி எத்தனை செதில், கன்னத்தில் எத்தனை வரிசை, கன்னம் வெறுமையா, வால் துடுப்பில் செதில் எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது, முதுகுத் துடுப்பின் அடியில் செதில் உண்டா என்பவை அடுத்து.

எல்லாவற்றிலும் நான் அதிக நேரம் செலவிடும் இடம் மார்பு. மார்பின் சிறு செதில்கள் விலாவின் பெரிய செதில்களாக மாறுவது படிப்படியாகவா, திடீரென்றா? கேட்பதற்குச் சிறிய கேள்வி. ஆனால் ஒரு பேரினமே இதன் மேல் கட்டப்பட்டது. அந்தக் கதை பின்னால் வருகிறது. "திடீர்" என்று கண்ணால் மட்டும் முடிவு செய்யாதீர்கள். மாறும் எல்லையின் இருபுறமும் அடுத்தடுத்த செதில்களின் அகலத்தை அளந்து விகிதத்தை எழுதுங்கள்.

நான்காம் படி: எந்த இடத்திலிருந்து எடுப்பது

ஒரே மீனின் கன்னத்தில் வட்டச் செதிலும் விலாவில் சீப்புச் செதிலும் இருக்கலாம். ஓர் இனத்தின் விலாவை இன்னோர் இனத்தின் வயிற்றோடு ஒப்பிட்டால் ஆய்வு முழுவதும் வீண். எனவே எல்லா மீனிலும் ஒரே பக்கம், இடப்பக்கம், ஒரே இடங்கள். கன்னம், செவுள் மூடி, பிடரி, மார்பு, வயிறு, பக்கக்கோட்டின் கீழே விலாவின் நடு, வால் காம்பு ஆகிய ஏழையும் நான் விடுவதில்லை. விலாவின் இடத்தை "நடு" என்று மட்டும் எழுதாமல், "மேல்கோட்டின் பத்தாவது துளைச் செதிலுக்கு இரண்டு வரிசை கீழே" என்பதுபோல மறுமுறை யாரும் கண்டுபிடிக்கும்படி வரையறுங்கள். ஒவ்வோர் இடத்திலும் ஐந்தாறு செதில்கள் எடுங்கள். நுனி மழுங்கிய இடுக்கியால் பின்விளிம்பைப் பற்றாமல், பக்கவாட்டில் பிடித்துப் பின்னோக்கி இழுத்தால் பற்கள் உடையாது.

ஏன் ஐந்தாறு? என் முதல் ஆய்வில் இடத்துக்கு ஒன்றே எடுத்தேன். மூன்று மாத உழைப்புக்குப் பின், விலாச் செதில்களில் பாதிக்கு மேல் மையம் அகன்று, வளையங்களே இல்லாமல் கறைபோல இருப்பதைக் கண்டேன். அவை இழந்த செதிலுக்குப் பதில் மறுபடி முளைத்தவை. அத்தகைய செதில் வேகமாகப் பழைய அளவை எட்டிவிடும், ஆனால் நடுவில் வளைய வரலாறு இருக்காது; உருவமும் நம்பத்தக்கதல்ல. டாங்கனிக்கா மீன்களில் இதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். அங்கே பெரிசோடஸ் மைக்ரோலெபிஸ் என்னும் மீன் மற்ற மீன்களின் விலாவைக் கடித்துச் செதிலைத் தின்றே வாழ்கிறது. அது கடித்துப்போன இடத்தில் நாம் செதில் தேடிக்கொண்டிருப்போம். மையம் தெளிவாக இல்லாத செதிலைத் தயங்காமல் ஒதுக்குங்கள்.

ஐந்தாம் படி: சுத்தமும் சாயமும்

நீர்த்த பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில், ஒரு சதவீதத்துக்கு மேற்படாமல், சில மணி நேரம் ஊறவைத்து, மென்மையான தூரிகையால் தோலையும் சளியையும் நீக்குங்கள். அதிக நேரம் விட்டால் சீப்புப் பற்கள் கழன்றுவிடும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். அதே கரைசலில் சிறிது அலிசரின் சிவப்பைச் சேர்த்தால் சுண்ணாம்புள்ள பகுதி செந்நிறமேறி, வளையங்களும் பற்களும் துலங்கும். பிறகு நீரில் அலசி, எத்தனாலின் செறிவைப் படிப்படியாகக் கூட்டி ஈரத்தை எடுத்து, இரண்டு கண்ணாடிச் சில்லுகளுக்கு இடையே அழுத்தி உலரவிடுங்கள். அழுத்தாவிட்டால் செதில் சுருண்டு, அளவும் உருவமும் பிழையாகும். சாதாரண நுண்ணோக்கியில் 40 மடங்கு பெருக்கமே பெரும்பாலான பண்புகளுக்குப் போதும். வளைய முகட்டின் நுண்பற்களைப் பார்க்க மட்டும் தங்கம் பூசி மின்னணு நுண்ணோக்கியில் வைக்க வேண்டும்.

ஒவ்வொரு படத்திலும் அளவுகோல், மீனின் எண், உடல் நீளம், எடுத்த இடம் நான்கும் இருக்கட்டும்.

ஆறாம் படி: பார்த்ததைப் பண்பாக மாற்றுதல்

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். "விலாச் செதிலின் விளிம்பு: பல் இல்லை 0, உண்டு 1" என்பது ஒரு பண்பு. "பல் வரிசை விளிம்பு முழுவதும் பரவியிருக்கிறது, நடுவில் மட்டும் இருக்கிறது" என்பது இன்னொன்று. பல்லே இல்லாத மீனுக்கு இரண்டாவது பண்பில் 0 போடக் கூடாது. அங்கே "பொருந்தாது" என்ற குறியே வர வேண்டும். இல்லையென்றால் ஒரே இழப்பை இரண்டு முறை எண்ணி, பல்லிழந்த மீன்களையெல்லாம் பொய்யாக ஒரு கிளையில் சேர்த்துவிடுவோம். கன்னம், விலா, வால் காம்பு மூன்றிலும் பல் ஒன்றாகவே வந்து ஒன்றாகவே போகிறது என்றால், அவை மூன்று சாட்சிகள் அல்ல, ஒரு சாட்சிதான். எண்ணிக்கைகளை இடைவெளி தெளிவாக உள்ள இடத்தில் மட்டும் வகைகளாகப் பிரியுங்கள். இடைவெளி இல்லாவிட்டால் தொடர் எண்ணாகவே வையுங்கள்.

செதிலின் உருவத்துக்கு வகை எண் போதாது. விளிம்பிலும் மையத்திலும் குறிப்புள்ளிகளை இட்டு, அளவு, சாய்வு, இடம் ஆகியவற்றின் வேறுபாட்டை நீக்கி, உருவத்தை மட்டும் ஒப்பிடும் வடிவ அளவியல் முறையே ஏற்றது. புள்ளியிடுவதற்கு டிபிஎஸ்டிக் என்ற மென்பொருள், கணக்கிடுவதற்கு ஆர் என்ற கணினி மொழியின் ஜியோமார்ஃப் தொகுப்பு இரண்டும் இலவசம். இந்த உருவம் மரபில் ஊன்றியது என்பதற்கும் சான்று உண்டு. மலாவி ஏரிச் சிக்லிட்களைக் கலப்பினம் செய்து 2018இல் வெளியான ஓர் ஆய்வு, செதில் உருவ வேறுபாட்டில் எஃப்ஜிஎஃப் என்னும் வளர்ச்சிச் சமிக்ஞைக்குப் பங்கு இருப்பதைக் காட்டியது.

ஏழாம் படி: மரத்தோடு வைத்துச் சோதித்தல்

செதிலிலிருந்து மட்டும் பரிணாம மரம் வரையலாம். பண்பு அட்டவணையை மெஸ்கீட் என்ற நிரலில் அமைத்து, டிஎன்டி போன்ற நிரலில் மிகக் குறைந்த மாற்றங்கள் தேவைப்படும் மரத்தைத் தேடுவது பழகிய வழி. ஆனால் இன்றைக்கு அதைவிடப் பயனுள்ள வழி, மரபணுவிலிருந்து ஏற்கனவே கட்டிய மரத்தை எடுத்து, அதன் கிளைகளில் செதில் பண்புகளைப் பொருத்திப் பார்ப்பது. டாங்கனிக்காவின் ஏறத்தாழ எல்லாச் சிக்லிட்களுக்கும் மரபணுத்தொகுதியிலிருந்து கட்டிய மரம் இப்போது இருக்கிறது. ஒரு பண்பு எத்தனை முறை தோன்றியது, எத்தனை முறை மறைந்தது என்று எண்ணுங்கள். தொடர் அளவுகளுக்குப் பேஜலின் லாம்டா, புளூம்பெர்கின் கே போன்ற அளவைகள் உண்டு. லாம்டா 0ஐ நெருங்கினால் அந்தப் பண்பு உறவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. 1ஐ நெருங்கினால் நெருங்கிய உறவினர் நெருங்கிய உருவம் கொண்டிருக்கிறார்கள். டாங்கனிக்கா செதில்களை இவ்வாறு ஒப்பிட்டு 2021இல் வெளியான ஆய்வு, செதிலில் உறவின் தடமும் வாழ்முறையின் தடமும் இரண்டும் பதிந்திருப்பதைக் கண்டது.

குவிபரிணாமம், அதாவது ஒரே பண்பு வெவ்வேறு கிளைகளில் தனித்தனியாகத் தோன்றுவது, எவ்வளவு எளிதாக நேர்கிறது என்பதற்குப் பெயர்களே சாட்சி. மைக்ரோலெபிஸ் என்றால் சிறு செதிலுடையது. செதில் தின்னும் பெரிசோடஸ் மைக்ரோலெபிஸ் ஒரு குலம். டாங்கனிக்காவின் மிகப் பெரிய சிக்லிட்டான பூலாஞ்ஜெரொக்ரோமிஸ் மைக்ரோலெபிஸ் வேறொரு குலம். சிப்ரிக்ரோமிஸ் மைக்ரோலெபிடோடஸ் மூன்றாவது குலம். ஒரே ஏரியில், ஒரே பண்புக்காகப் பெயர் பெற்ற மூன்று மீன்கள், மூன்று தனிக் கிளைகளில்.

இனி மார்பின் கதை. லண்டன் அருங்காட்சியகத்தில் பணியாற்றிய பீட்டர் ஹம்ஃப்ரி கிரீன்வுட், 1979இல் ஹாப்லோக்ரோமிஸ் என்ற ஒரே பேரினத்தில் குவிந்திருந்த ஆப்பிரிக்கச் சிக்லிட் கூட்டத்தைப் பிரித்தபோது, மார்புச் செதில்கள் திடீரென்று அளவு மாறும் இனங்களை தொராகோக்ரோமிஸ் என்ற பேரினத்தில் வைத்தார். மார்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லே பெயரானது. மிக நுணுக்கமான கவனிப்பு. அவர் கண்ட பண்பு இன்றும் அந்த மீன்களில் இருக்கிறது. ஆனால் மரபணு மரத்தில் நைல் பகுதி இனங்களும் அங்கோலா, நமீபியா பகுதி இனங்களும் ஒரே கிளையில் சேரவில்லை. மார்பின் திடீர் மாற்றம் ஒருமுறைக்கு மேல் வந்திருக்கிறது, அல்லது பழைய மூதாதையின் பண்பு சில கிளைகளில் தங்கி, சிலவற்றில் அழிந்திருக்கிறது.

விக்டோரியா ஏரியில் இதைவிடக் கடினம். அங்கே சுமார் 500 இனங்கள், ஏரி வறண்டு மீண்டும் நிறைந்த பிறகு ஏறத்தாழ 15,000 ஆண்டுகளில் பிரிந்தவை. அவற்றின் மூதாதையே காங்கோ, மேல் நைல் ஆகிய இரண்டு மரபுகளின் கலப்பில் வந்தது என்று 2017இல் மரபணு ஆய்வு காட்டியது. கலப்பும், இன்னும் பிரிந்து முடியாத பழைய வேறுபாடுகளும் நிறைந்த இடத்தில் செதிலைக் கொண்டு இனங்களுக்கு இடையே கிளை வரைய முயல வேண்டாம். குல அளவில் செதில் பேசும்; நேற்றுப் பிரிந்த சகோதர இனங்களிடையே அது பெரும்பாலும் மௌனம்.

எட்டாம் படி: முரண்பாட்டோடு மீண்டும் நுண்ணோக்கிக்கு

செதிலும் மரபணுவும் முரண்பட்டால், செதில் பண்பை அட்டவணையிலிருந்து நீக்கிவிட்டுப் போவதுதான் பலர் செய்வது. நான் அப்படிச் செய்ய மாட்டேன். தனித்தனியாக வந்த ஒற்றுமையில் பெரும்பாலும் ஏதாவது ஒரு வேறுபாடு ஒளிந்திருக்கும். சிறு செதில் கொண்ட அந்த மூன்று மீன்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் ஆரக்கோடுகள் எத்தனை, இன்னொன்றில் எத்தனை? மையம் எங்கே விழுகிறது? பற்கள் எந்தக் குலத்தின் முறையில் அடுக்கியிருக்கின்றன? அளவு ஒன்றாக இருந்தாலும் நுண்ணமைப்பு தன் குலத்தைக் காட்டிக்கொடுக்கிறதா என்பது சோதிக்கக்கூடிய கேள்வி. தொராகோக்ரோமிஸ் மீன்களின் மார்பிலும் இதையே கேளுங்கள். மாற்றம் நிகழும் எல்லைக்கோடு நைல் மீன்களில் எந்த இடத்தில் ஓடுகிறது, தெற்கத்திய மீன்களில் எந்த இடத்தில், அளந்த விகிதம் இரண்டிலும் ஒன்றா?

இந்த வேலையின் பலன் கல்லில் தெரியும். கென்யாவின் துகென் மலைகளில் கிடைத்த, மயோசீன் என்னும் புவியியல் காலத்தின் பிற்பகுதியைச் சேர்ந்த துகென்க்ரோமிஸ் பிக்ஃபோர்டி என்ற சிக்லிட் படிவத்தை 2017இல் விவரித்தவர்கள், மூன்று துண்டான அதன் பக்கக்கோட்டை முக்கியச் சான்றுகளில் ஒன்றாகக் கொண்டே கிழக்கு ஆப்பிரிக்கப் பெருங்கிளையோடு அதைச் சேர்த்தார்கள். உயிருள்ள மீன்களில் அந்தக் கோட்டின் செதில்களை ஒவ்வொன்றாக எண்ணி எழுதிவைத்தவர்கள் இருந்ததால்தான் அந்த ஒப்பீடு கைகூடியது. உங்கள் மீனின் இடப்பக்கத்தையும் அதே பொறுமையோடு எண்ணி, பிடுங்கிய செதில்களை உறையிலிட்டு, மீனின் எண்ணோடு அருங்காட்சியகத்தில் சேர்த்துவிடுங்கள்.